பெண் கேட்கப் போன வாசல்

ஸாக்கேலே ஸுங்கு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க ஒருவரிடமும் ‘டிக்கெட் எங்கே’ என்று வாய் திறந்து கேட்டதில்லை. எதிரே போய் நிற்பார், அவ்வளவுதான். டிக்கெட் வைத்திருப்பவன் நீட்டுவான். இல்லாதவன் அடுத்த ஸ்டேஷனில் தானாக இறங்கிக்கொள்வான்.

ஓய்வுக்குப் பிறகு நியூகாசில் ஊரில் யார் வீட்டுப் பையனுக்குப் பெண் கேட்கப் போவதென்றாலும் தூதுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். குலப்பெயரைச் சொல்லி மான்ஸினி என்று மரியாதையாக அழைப்பார்கள். பெண் வீட்டார் என்ன கேட்டாலும் கல் மாதிரி உட்கார்ந்திருந்து, பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டார் தரும் வழக்கமான பதினொரு மாட்டுக்கு மேல் ஒரு வால்கூடத் தராமல் எழுந்து வருவார். “நாம கேள்வி கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆயிடும். தெரியலன்னு ஆயிட்டா மாடு ஏறும்” என்பது அவர் கட்சி.

இந்த முறை மாப்பிள்ளை அவருடைய சொந்தத் தம்பி மகன் லுவாண்டிலே. பெண் நோகுலுங்கா, ஷ்லுஷ்லுவே பக்கத்து மதெத்வா வீட்டுப் பெண். அவள் அப்பா பள்ளி ஆய்வாளராக இருந்தவர், சம்பிரதாயத்தில் புலி. முதலில் போன தூதுக் கூட்டத்தில் எவனோ ஒருவனின் போன் பேச்சுக்கு நடுவே பாட்டுப் பாடிவிட, அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். சனிக்கிழமை இன்னொரு தடவை வரலாம், அதோடு சரி என்று சொல்லிவிட்டிருந்தார்.

“பெரியப்பா, இதுவும் போச்சுன்னா மூணாவது தடவ அந்தாளு வாசலத் தொறக்க மாட்டாரு. எனக்கு வேற பொண்ணு வேணாம்” என்று லுவாண்டிலே அழாத குறையாகச் சொன்னான். ஸாக்கேலே தன் போனையும், கூட வரவிருந்த துமேயின் போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

துமே பக்கத்து வீட்டுக்காரர், டயர் வியாபாரி. அவருடைய பழைய பிக்கப்பில்தான் பயணம். அன்னாசிப்பழக் கடையைத் தாண்டினால் இடது பக்கம் கூரை வேய்ந்த வீடுகள் தெரியும், அதுதான் மதெத்வா வீடு என்று லுவாண்டிலே அடையாளம் சொல்லியிருந்தான். இருட்டில் துமே அன்னாசிக் கடையைத் தவறவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி வந்தார். ஸாக்கேலே விழிப்பாக இருந்து இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது பக்கம் கூரை வீடுகள் தெரிந்தன, பெரிய வாசலும் தெரிந்தது. திரும்பி வரும்போது இடது வலதாகிவிடும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. கோட்டையும் டையையும் சரிசெய்துகொண்டு, ரயில் சத்தத்தை அமுக்கிப் பழகிய குரலில் ஸாக்கேலே கூப்பிட்டார்.

“மதெத்வா வீட்டாரே! நியாம்போஸே! ஜோபேயின் பிள்ளைகளே! நல்ல உறவு ஒண்ணு கேட்டு வந்திருக்கோம்!”

உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்லாமல் காக்க வைப்பார்கள். வீட்டின் கௌரவம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். அதற்குத் தயாராகத்தான் காலை அகட்டி நின்றார்.

ஆனால் அது மதெத்வா வீட்டு வாசலே அல்ல. சுற்றுலாப் பயணிகள் தங்கிப் போகும் தனியார் வனவிலங்குப் பண்ணையின் வாசல். அங்கே காவலுக்கு இருந்தவனும் ஒரு மதெத்வாதான். இத்தனை வருடத்தில் அந்த வாசலுக்குக் காரில் வந்தவர்கள் ஹார்ன் அடித்திருக்கிறார்கள், கையைத் தட்டியிருக்கிறார்கள். அவனுடைய முன்னோரின் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான்தான் மதெத்வா. உள்ள வாங்க, ஐயா” என்று கேட்டை அகலத் திறந்தான்.

இவ்வளவு சீக்கிரம் திறந்துவிட்டார்களே என்று ஸாக்கேலேக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “வாசலுக்குன்னே ஒரு ஆளப் போட்டிருக்காங்க பாரு. பெரிய இடம்” என்று துமேயிடம் முணுமுணுத்தார்.

உள்ளே மேலாளர் ஹானஸ் பல நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தான். விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண ஆட்களைப் போல வருவார்கள், யாரென்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். கோட்டும் டையுமாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், யாரென்று சொல்லவில்லை என்று காவலாளி தகவல் அனுப்பியதும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். கேட்கக்கூடாது என்று அவனுக்கும் வைராக்கியம், இவருக்கும் வைராக்கியம். பொருத்தம் பார்த்துச் சேர்த்தால்கூட இப்படி அமையாது.

“மான்ஸினி, இது ஓட்டல் மாதிரி இருக்கு” என்றார் துமே.

“எந்த ஓட்டல்ல சுவத்துல கேடயமும் ஈட்டியும் மாட்டுவான்? தொழுவம் மாதிரி வட்டமா கம்பு நட்டு, நடுவுல நெருப்புப் போட்டு, சுத்தி நாற்காலி போட்டிருக்காங்க. வழக்கம் மாறாத குடும்பம்.”

“வெள்ளக்காரங்க உக்காந்து முட்ட சாப்பிடறாங்களே?”

“மூத்த பொண்ண அந்தப் பக்கம் குடுத்திருப்பாங்க. வாய மூடு.”

ஹானஸைப் பெண் வீட்டுப் பேச்சாளராகத்தான் ஸாக்கேலே எடுத்துக்கொண்டார். பெண் வீட்டார் வாய் திறந்து பேச்சைத் தொடங்குவதற்கென்று கொடுக்கும் பிராந்தி பாட்டிலை முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினார். லஞ்சம் வாங்குவேனா என்று சோதிக்கிறார்கள் என நினைத்து ஹானஸ் நெருப்பைத் தொட்டவன் போலப் பின்வாங்கினான். “ஐயையோ, நாங்க அதெல்லாம் வாங்கறதில்லிங்க!” ஸாக்கேலே தலையை ஆட்டினார். கெட்டியான கை, இவ்வளவு சுலபத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்து ஒரு காகிதம் வந்தது. சிங்கம் கடித்தாலும் யானை மிதித்தாலும் யாரையும் குறை சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். துமே பேனாவைக் கீழே வைத்தார்.

“போடு. சம்பந்தம்னா அப்படித்தான்” என்றார் ஸாக்கேலே.

மாலையில் ஆளுக்கொரு கம்பளிப் போர்வை கொடுத்து, கூரையில்லாத வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போர்வை கொடுப்பது மாப்பிள்ளை வீட்டார் வேலை. அதையும் இவர்களே செய்வதைப் பார்த்து அவருக்கே மனம் இளகியது. ஆனால் வண்டி காட்டெருமைக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றபோது உஷாராகிவிட்டார்.

“எல்லாம் நம்மளுதுதான் ஐயா. எப்படி இருக்கு?” என்று வண்டியோட்டி பெருமையாகக் கேட்டான்.

“மெலிஞ்சிருக்கு. நாங்க பதினொரு மாடுன்னுதான் வந்திருக்கோம். எருமையெல்லாம் பேச்சுலயே இல்ல” என்றார் ஸாக்கேலே.

முதல் வார்த்தை மட்டும் வயர்லெஸ் வழியாக ஹானஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளில் எருமையை எப்படிப் கொழுக்க வைப்பது? ராத்திரிச் சாப்பாட்டில் இன்னும் இரண்டு வகை இறைச்சி சேர்க்கச் சொன்னான்.

திரும்பும் வழியில் ஒரு சிங்கம் வண்டியை ஒட்டிப் படுத்திருந்தது. துமே போர்வைக்குள் போய்விட்டார். ஸாக்கேலே வழக்கம் போல அதைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். சிங்கமும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. டிக்கெட் இல்லை போலிருக்கிறது.

ராத்திரி ஒரு குடிசையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். கட்டில் நிறைய ரோஜா இதழ். பெண்ணையே இன்னும் கேட்டு முடியவில்லை, அதற்குள் இதென்ன கூத்து என்று ஸாக்கேலே தரையில் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை. ஒரு முழுநாள் போய்விட்டது, பெண்ணின் அப்பா முகம் காட்டவில்லை, யாரும் மாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. லுவாண்டிலேயின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. வாய் திறந்து கேட்டிருக்கலாமோ என்று முதல்முறையாகப் பயந்தார்.

விடியும் முன்பே எழுந்து, போர்வையைப் போர்த்தியபடி துமேயோடு வாசலுக்கு வந்தார். காவலாளி வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஐயா, நான் வரேங்க. எதுத்தாப்புல எங்க பெரியவரு வீட்ல நேத்திலேர்ந்து கதவே தொறக்கல. பொண்ணு கேக்க ஆளுங்க வந்திருக்காங்களாம். வாசல் பக்கம் யாரும் தல காட்டக்கூடாதுன்னு ஆய்வாளர் உத்தரவு” என்றான்.

ஸாக்கேலே சட்டென்று திரும்பிப் பார்த்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவே கூரை வீடுகள் தெரிந்தன.

“எந்த வீடு?” என்று கேட்டார்.

வாழ்க்கையிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று துமே பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போர்வையை உதறவும் தோன்றாமல் இருவரும் சாலையைக் கடந்து ஓடினார்கள். மூச்சு வாங்க ஸாக்கேலே கூப்பிட்டார். “நியாம்போஸே! ஜோபேயின் பிள்ளைகளே!” குரல் பாதியில் உடைந்தது. காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை, கதவு உடனே திறந்தது. ஆய்வாளர் மதெத்வா முந்தின நாள் போட்ட கோட்டிலேயே நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நேத்து விடியக்காலம் கூப்பிட்டீங்க. கேட்டுது. ரெண்டாவது தடவ கூப்பிட்டா வரலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிடவே இல்ல. பகல் போச்சு, ராத்திரியும் போச்சு. என் வீட்டுப் பொண்ணுக்காக இப்படி யாரும் நின்னதில்ல, மான்ஸினி. ராத்திரி எங்க படுத்தீங்க?”

ஸாக்கேலே பொய் சொல்லிப் பழகாதவர். “சிங்கத்துக்குப் பக்கத்துல, நியாம்போஸே” என்றார்.

மதெத்வா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு ஆய்வாளரின் தம்பி மட்டும் துமேயின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்தப் போர்வையில யானப் படம் இருக்கு. எதுத்த பண்ணையில குடுக்கற போர்வ இல்ல இது?”

ஸாக்கேலே தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது தடவை கிடையாது. எல்லாம் தன் வைராக்கியத்தால் வந்த வினை.

“பொண்ணக் கூப்பிடுங்க. அவளக் கேட்டுக்கலாம்” என்றார் மதெத்வா.

தலையில் துணி கட்டி, பார்வையைத் தாழ்த்தி நோகுலுங்கா வந்து மண்டியிட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாகப் பண்ணையின் வாசல் நன்றாகத் தெரிந்ததை ஸாக்கேலே அப்போதுதான் கவனித்தார். காவலாளி கேட்டைத் திறந்ததையும் பிக்கப் உள்ளே போனதையும் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

எந்தப் பெண் வீட்டிலும் கேட்கும் கேள்வியைத்தான் அப்பா கேட்டார். “இந்த ஆளுங்கள உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா. நேத்து விடியறதுக்கு முன்னாலயே வந்தாங்க. நான் ஜன்னல்ல பாத்தேன். குளிர்ல நின்னு கூப்பிட்டாங்க. நம்ம வீட்லேர்ந்து யாரும் போய் வாங்கன்னு சொல்லல. எதுத்த வாசல்ல இருந்தவருதான் வாங்கன்னாரு. அங்க ஒரு போர்வையாவது கெடைச்சுதே, போகட்டும்.”

ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தம்பி அதற்கப்புறம் யானையைப் பற்றிப் பேசவில்லை.

நோகுலுங்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு வார்த்தை அதிகமும் பேசவில்லை. எத்தனையோ வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேரம் பார்த்த ஸாக்கேலே, குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்து இவளுக்குப் பதினொரு மாடு போதாது என்று நினைத்தார். துமே அவர் காலை மிதிப்பதற்குள் வாயைத் திறந்து பன்னிரண்டு என்று சொல்லியும்விட்டார்.