மேலே இருக்க வேண்டிய பெயர்

மெஷினிலிருந்து அந்தப் போஸ்டர் சுருண்டு இறங்கியபோது, இவ்வளவு நேர்த்தியாகக் கண்டியில் வேறு எவன் அடிப்பான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று கல்யாணப் பத்திரிகை என்றால் குண்டசாலையிலிருந்தும் என் அச்சுக்கடையைத் தேடித்தான் வருகிறார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் என்னிடம் பிழை பிடிக்க ஆளில்லை.

போஸ்டரைத் தந்த டொக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரியின் எலும்புச் சத்திரசிகிச்சைப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண் டொக்டர். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றி இரண்டு வருடம் ஆராய்ந்து, டொக்டர்மார் மாநாட்டில் வைப்பதற்காக அந்தப் போஸ்டரை அடிக்கத் தந்திருந்தார். மாநாட்டன்று காலை வந்து விரித்துப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, என்ர பேரை ஆர் கீழ இறக்கினது?"

"நான்தாம்மா. உங்க பெரிய டொக்டரு பேரு உங்களுக்குக் கீழ கெடந்துச்சு. அவரு பாத்தா என்னா நெனைப்பாரு? அதான் மேல தூக்கிட்டேன்," என்றேன், பாராட்டுவார் என்று நினைத்து.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வேலையைச் செய்தவரின் பெயர்தான் முதலில் வருமாம். அந்த இடத்தைப் பெரிய டொக்டரிடம் கேட்டு வாங்கவே அவருக்கு மாதக்கணக்கில் ஆனதாம். பிறகு, மேசையில் கிடந்த இன்னொரு போஸ்டரை விரித்தார். அதே பிரிவில் வேலை செய்யும் ஒரு இளைஞருடையது.

"இந்தத் தம்பியின்ர பேரும் பெரிய டொக்டர் சேருக்கு மேலதானே இருக்கு. இதை ஏன் நீங்கள் மாத்தேல்லை?"

அந்த இளைஞரின் போஸ்டரை மறுபடி பார்த்தேன். அதை அடித்தபோது பெயர் வரிசை என் கண்ணை உறுத்தவே இல்லை. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவன் நான்.

மாநாடு தொடங்க ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. திருத்தி மறுபடி அடித்தேன். மை காயும்வரை அவர் ஒரு முனையும் நான் மறுமுனையுமாகப் பிடித்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நின்றோம்.

"ஐயா, இந்த முறை பேரைச் சரி பாத்தனீங்களோ?" என்று சிரித்தார்.

"ரெண்டு தரம் பாத்தேம்மா," என்றேன்.

த்ரீவீலரில் கூடவே போய், நானே மாட்டிக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து வந்த வயதான டொக்டர் ஒருவர் போஸ்டரை வாசித்துவிட்டு, டொக்டரம்மாவைத் தாண்டி, பக்கத்தில் நின்ற அந்த இளைஞரிடம் ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் கேள்வி யாரிடம் போகிறது என்பது விளங்கியது. போஸ்டரின் முதல் பெயரில் விரலை வைத்து, மற்றக் கையால் டொக்டரம்மாவைக் காட்டினேன். வந்தவர் திரும்பினார். டொக்டரம்மா முன்னால் வந்து பேசத் தொடங்கினார்.

அவர் பேசி முடிக்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.