சுவீடன்காரன் முட்டி

"எங்க குத்துது? இங்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார் இருதயராஜ். ஆள் அலறினால் முகம் மலர்ந்துவிடும். "பேசுது பாரு!"

புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். ஞாயிறு காலையில் மைதானத்து மரத்தடியில் கால்பந்து ஆட வரும் பதினோரு பேருக்கும் சுளுக்கு வழிப்பவர். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் இருக்கும். "டாக்டர் எக்ஸ்ரே எடுப்பாரு. நான் முட்டியோட பேசுவேன், பஸ், அவ்ளோதான்."

2003இல் மழை விட்ட மாதம் அவரிடம் வந்து மாட்டினான் நில்ஸ். சமஸ்கிருதச் சுவடி படிக்கப் புனே வந்த சுவீடன்காரன். பொழுதுபோக்காக ஆட வந்தவன் காலில் பந்து பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. ஊரில் பெரிய கிளப்புக்கு இரண்டே பருவம் ஆடி, இருபத்து மூன்று வயதிலேயே நிறுத்திவிட்டானாம். அதைக் கேட்டதும் இருதயராஜுக்கு நெஞ்சு பதறியது. "ஐயோ பாவம், முட்டி போயிருச்சு!" வேறென்ன காரணம் இருக்க முடியும்? அடுத்த ஞாயிறே பிடித்து உட்காரவைத்து எண்ணெய் போட்டார். மூன்று வாரம் அவனும் முகம் சுளிக்காமல் காலை நீட்டினான். இந்த ஊர் உபசாரம் இப்படித்தான் போலும் என்று நினைத்தானாம்!

மரத்தடியில் அவனுக்கு அடுத்து எண்ணெய்க்குக் காலை நீட்டுபவள் இருதயராஜின் மகள் சோனியா. மாநிலப் பெண்கள் அணியின் முகாமுக்கு அவளை எடுத்திருந்தார்கள். அங்கிருந்து ரயில்வே வேலைக்கு ஓர் எட்டுதான் என்று கட்கி முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் தேர்வான நாளிலிருந்தே அவளுக்கு வலது முட்டியில் வலி. முகாமுக்கோ பத்தே நாள். எத்தனை தேய்த்தும் மசியவில்லை. சொந்த மகள் விஷயத்தில் கை தோற்கிறதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிறு பொறுக்கமாட்டாமல், "எப்ப அடிபட்டுச்சுன்னு அவன்கிட்ட கேளும்மா" என்றார். சோனியா ஆங்கிலத்தில் கேட்டாள். நில்ஸ் நீளமாகச் சொன்னான்.

"அடியே படலியாம்ப்பா. அவங்க ஊரு உப்சாலா. ஐந்நூறு வருஷத்து யூனிவர்சிட்டி இருக்காம். டெய்லி அந்த லைப்ரரி தாண்டித்தான் பிராக்டிஸ் போவாராம். ஒருநாள் உள்ள போயிட்டாராம். அப்புறம் கிரவுண்டுக்கே போகல. பஸ்."

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அரே தேவா! காலு நல்லா இருக்கறப்பவே எவனாச்சும் ஆட்டத்த விடுவானா? அவங்கப்பன் சும்மாவா விட்டான்?"

அதையும் கேட்டாள். "ஒரு மாசம் பேசலியாம்" என்று சொல்லும்போது அவள் குரல் தடுமாறியது.

நில்ஸ் எழுந்து ஆடப் போனான். சோனியா அவன் இடத்தில் உட்கார்ந்து, பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினாள். எண்ணெய்க் கை நெருங்கியபோது தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா, எனக்கும் வலி இல்ல. ஒருநாள்கூட இல்ல. எனக்கு கேம்ப் வேணாம்ப்பா. காலேஜ் போகணும்."

இருதயராஜின் கை பாதியிலேயே நின்றது. இத்தனை வருடத்தில் எத்தனை முட்டி பார்த்த விரல்! நல்ல முட்டி என்று அதற்கா தெரியாமல் போயிற்று? தெரிந்தேதான் தேய்த்தோமோ? மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளங்கை எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து மண்ணில் சொட்டியது. கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, அவள் சுருட்டிய பேண்ட்டை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.