ரீற்றா அக்கா கதவைச் சாத்திய நாள்

பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ரீற்றா அக்காவின் மகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அம்மா போயிட்டா, அன்ரி" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் போன் வந்ததாம்.

செத்தவீட்டுக்கு வராமல் விட்ட எங்கள் ஒழுங்கையின் இரு பக்கமும் குடியிருக்கும் ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் கோபம் எனக்குத் தெரியும்.

இங்கே முதலில் சோலர் போட்டவர் அக்காதான். பிறகு ஒரு மத்தியானம் ஊரெல்லாம் கரண்ட் போனபோது அவர் வீட்டிலும் போனது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சோலரும் தானாக நின்றுவிடும் என்று அன்றுதான் அறிந்தோம். "கூரையில வெயில், குசினியில இருட்டு" என்று கடைக்கார செல்வி அக்கா பகிடி பண்ணினார். "வெயிலைப் பிடிச்சு வைக்க ஒரு பெட்டி வேணும்" என்று ரீற்றா அக்காவும் சிரித்தார். பிறகு பற்றரி பூட்டினார்.

போன மாரியில் புயல் அடித்துக் கரண்ட் நின்றது. தெருவெல்லாம் வெள்ளம். என் கணவருக்குச் சுவாசப்பை வருத்தம், ஒட்சிசன் மெசின் இல்லாமல் ஏலாது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். சயரோகம் என்று கதை கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் இவர் ஒருவருக்கும் சொல்லவிடவில்லை. பின்வாசலால் இவரை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். "என்ர வாயால வராது" என்றார் அக்கா.

அடுத்த நாளும் வெயில் இல்லை. மெசின் ஓடவேண்டுமென்று அக்கா பிரிஜ்ஜையும் மின்விசிறியையும் நிறுத்தினார். பற்றரியில் சார்ஜ் காட்டும் கோடுகளில் ஒன்றுதான் எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. செல்வி அக்காவும் நீங்களும் போன்களோடு நின்றீர்கள்.

"கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தா, ரீற்றா. பெடியன் வெளிநாட்டில பயந்துகொண்டிருப்பான்" என்றார் செல்வி அக்கா.

"ஏலாது. ஒண்டைப் போட்டா ஒழுங்கையே வரும்."

"செத்தா பற்றரியையும் கொண்டு போகப்போறியோ?"

"ஓம், பெட்டிக்குள்ள வைச்சு அனுப்புங்கோ" என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே இவர் துவாயை வாயில் அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். முகம் நீலம்பாரித்தது. உங்கள் காலடிச் சத்தம் போகும்வரை நான் மூச்சு விடவில்லை.

மழை விட்டதும் அக்கா ஏணி வைத்து ஏறி, சோலர் தட்டுகளில் ஒட்டிக்கிடந்த இலைகளை வாரியலால் தள்ளினார். மேகத்துக்குள்ளால் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அந்தக் கோடு அணையவில்லை. பின்னேரம் கரண்ட் வந்தது.

அதன்பிறகு நீங்கள் அவரோடு கதைக்கவில்லை. உண்மையைச் சொல்லுவோம் என்று நான் கேட்டபோதெல்லாம், "மகளின்ர காரியம் முடியட்டும். ஏச்சு வாங்கி ஆரும் செத்ததில்லை" என்பார்.

அந்தக் கலியாணப் பேச்சு இன்னும் முடியவில்லை. என்றாலும் செத்தவீட்டுக்கு மெசினைத் தூக்கி வரச் சொன்னார் இவர். மூக்கில் குழாயோடு, சனமெல்லாம் பார்க்க, அக்காவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். செல்வி அக்கா மெசினைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அண்டைக்கு உள்ளுக்க நீங்களோ?"

"ஓம்" என்றார் இவர்.

செல்வி அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

ரீற்றா அக்காவின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால், நான் இவரைத்தான் காட்டுவேன்.