நாகலூர் ஸ்டெல்லா எழுதிய எஞ்சின்

சென்ற செவ்வாய்க்கிழமை சேலம் அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு நடுவே ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி அழைத்தார். "அண்ணா, அக்கா காலையில போயிட்டாங்க. ஊட்டுக்கு வந்துருங்க." அடிவாரம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மலைமேல் நாகலூரில் ஸ்டெல்லாவை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகளாகத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறார் என்பார்கள். அவர் செய்தது ஒரு கேம் எஞ்சின்: கணினி விளையாட்டுகளில் உருவங்களை ஓடவும் குதிக்கவும் வைக்கிற அடிப்படை மென்பொருள். பழைய கணினியிலும் அது ஓட வேண்டும் என்று பதினான்கு ஆண்டுகள் எழுதினார். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று திறந்தே வைத்திருந்தார்.

நான் அவருக்கு அறிமுகமானது ஒரு வசைக் கடிதத்தால். எஞ்சினில் இருந்த ஒரு பிழையால், அதில் நான் செய்துகொண்டிருந்த விளையாட்டின் மூன்று நாள் வேலை வீணாயிற்று. ஆங்கிலத்தில் கடுமையாக எழுதினேன். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் போட்டார்: "நீங்க சொன்னது சரிங்க. திட்டாம சொல்லியிருந்தாலும் சரி பண்ணியிருப்பேனுங்க." வெட்கத்தில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். பிறகு ஒன்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம்.

பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் ஓர் ஆசிரியை இந்த எஞ்சினை வைத்துப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு செய்தார். திரையில் 'கொய்யா' என்ற சொல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி வந்தது. ஸ்டெல்லா மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நான்கு மாதம் தமிழ் எழுத்தைச் சரிசெய்வதிலேயே கிடந்தார். "தமிழில் எத்தனை பேர் விளையாட்டு செய்யப் போகிறார்கள்?" என்று சலித்துக்கொண்டேன். "ஒருத்தர் கேட்டுட்டாங்கல்ல, போதுமுங்க" என்றார்.

பிறகு அவருடைய சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் சேலத்துக்கு டயாலிசிஸ். ஊசி குத்தாத கையால் மடிக்கணினியைத் தட்டி, மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சென்ற ஆண்டு ஒருநாள் மருத்துவமனையில் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, எஞ்சின் பொறுப்பை நீங்க எடுத்துக்குவீங்களா?"

அதை வாங்கிக்கொண்டால் அவர் போவதற்கு நானே சம்மதித்த மாதிரி தோன்றியது. "நீங்க நல்லாயிருவீங்க. இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்றேன்.

"எனக்கு ஆறுதல் வேண்டாமுங்க. ஆளு வேணும்."

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, நைரோபியிலிருந்து திருத்தங்கள் அனுப்பிவந்த ரூத் என்ற பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தார். ரூத் தயங்காமல் சரி என்றாராம். அதன்பின்னும் ஸ்டெல்லா என்னோடு வழக்கம்போலத்தான் பேசினார். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

அன்று மாலையே அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ரூத்திடமிருந்து செய்தி வந்தது. "பொறுப்பாளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு ஓர் இடம் விட்டு வைக்க ஸ்டெல்லா சொன்னார். பயத்தால்தான் மறுத்தீர்கள், விருப்பமில்லாமல் அல்ல என்றார். இப்போது வருகிறீர்களா?"

கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபடியே வருகிறேன் என்று எழுதினேன். அவர் காதால் கேட்டிருக்க வேண்டிய பதில் அது. இதைப் படிக்கிற, அவரை அறிந்தவர்களே, ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று எஞ்சியது இந்த வேலைதான். புதன்கிழமை காலை தொடங்கினேன். பார்க்காத திருத்தங்கள் நாற்பத்தொன்று கிடக்கின்றன.