வலப்பக்கத்துக் கூடை

எனக்கு நாற்பத்தாறு வயதில் வலது மணிக்கட்டு வீங்கியது. எண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். ஆசிரியர் ஓய்வறையில் ஆங்கில ஆசிரியை கேட்டார்.

“என்ன ரீச்சர், கைக்கு என்ன நடந்தது?”

“பாஸ்கற்போல் விளையாடி வந்தது,” என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ‘கொம்பியூட்டரிலை’ என்ற ஒரு சொல் மட்டும் குறைந்துவிட்டது.

இரண்டாம் தவணைப் புள்ளிகளை மடிக்கணினியில் பதிந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், அலுப்புத் தாங்காமல் பழைய கால விளையாட்டுகள் ஏதும் இருக்கிறதா என்று இணையத்தில் தேடினேன். அப்படி அகப்பட்டதுதான் அது. எதையும் தரவிறக்கத் தேவையில்லை, பிரவுசரிலேயே திறந்தது. ஆட்டக்காரர்களுக்கு மூக்கில்லை, விரலில்லை. சீனிக்கட்டிகளை அடுக்கிச் செய்தது போல் சதுரத் தலை, சதுரப் பாதம். பந்துகூட முழு வட்டமில்லை. என் சிவப்புச் சட்டைக்காரன் இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக் கூடையை நோக்கி ஓடுவான். விசைப்பலகையின் நீள விசையை அமத்தினால் குதிப்பான், விட்டால் எறிவான். குதியின் உச்சியில் சரியாக விட வேண்டும். இரசாயன ஆய்வுகூடத்தில், நியமிப்புப் பரிசோதனையில் ஒரே துளியில் நிறம் மாறும் கணத்தை இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறவள் நான். இந்தக் கணம் எனக்கு மூன்றே நாளில் பிடிபட்டுவிட்டது.

என் கணவர் வல்வெட்டித்துறையில் படகு இயந்திரம் திருத்துகிறவர். ஒரு நாள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உது ஆரோடை விளையாடுறீர்?”

“கொம்பியூட்டரோடை.”

“ஆர் வெல்லுறது?”

“நான்தான். முப்பத்தெட்டுக்கு இருபது.”

“பாவம், அதுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்,” என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

நீள விசையை நான் அமத்தவில்லை, குத்தினேன். மணிக்கட்டு வீங்கியது அதனால்தான்.

ஓய்வறையில் நான் சொன்னதைக் கேட்டதும் மற்றவர்களின் கதை நின்றது. விளையாட்டு ஆசிரியை, இருபத்தாறு வயதுப் பிள்ளை, கதிரையைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ரீச்சர், நீங்கள் பாஸ்கற்போல் விளையாடுறனீங்களோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இரசாயனம் படிப்பிக்கிறவளை யாரும் கண் விரியப் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஐந்தாறு பேர் பார்த்தார்கள். அந்தச் சுகத்தில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆசிரியர் தினத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. உயர்தர வகுப்புப் பெண்கள் எங்களைக் கூடைப்பந்துக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் நான்கு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் யார் என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நாளைக்குக் காலமையே சொல்லிப்போடும். பிந்தினால் சொல்லேலாது.”

காலையில் சொல்லத்தான் போனேன். விளையாட்டு அறை வாசலில் அதிபர் நின்றார். “ரீச்சர், உங்களை நம்பித்தான் நான் ஓமெண்டனான். போன வருசம் வலைப்பந்திலை பிள்ளையள் எங்களை உரிச்சுப்போட்டுதுகள்,” என்றார். அவருக்குப் பின்னால் விளையாட்டு ஆசிரியை எனக்கென இரவோடிரவாக அடித்து வந்த ரீசேட்டை விரித்துக் காட்டினார். முதுகில் பெரிதாக ‘1’ என்று இருந்தது. நான் அளவு சரியா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மணிக்கட்டைச் சாட்டிப் பயிற்சிகளுக்குப் போகவில்லை. “ரீச்சருக்குப் பயிற்சி என்னத்துக்கு?” என்று அவர்களே விட்டுவிட்டார்கள்.

போட்டி அன்றுதான் அந்தப் பந்தை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். அதற்குப் பாரம் இருக்கும் என்பதை நான் யோசித்திருக்கவேயில்லை. உடனே பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன்.

முதற்பாதி முழுவதும் பந்து போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடினேன். “ரீச்சர் இடம் எடுத்து நிக்கிறா, பாருங்கோ!” என்று அதிபர் ஒலிவாங்கியில் சொன்னார். உண்மையில் விளையாடியவர் உப அதிபர்தான். கணித ஆசிரியை, இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு. மூக்குக்கண்ணாடியை நூலால் பின்தலையில் கட்டிக்கொண்டு ஆறு புள்ளிகள் எடுத்தார். இடைவேளையில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, எங்களுக்கு எட்டு.

தோடம்பழத் துண்டு தந்தார்கள். விளையாட்டு ஆசிரியை ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்குவதிலேயே கவனமாக இருந்தேன். விசில் ஊதியது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து தானாகவே துள்ளி என் கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலப்பக்கம் கூடை. இடையில் ஒரு பிள்ளைகூட மறிக்கவில்லை. என்னைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பந்தைத் தட்டித் தட்டி ஓடினேன். “ரீச்சர்! ரீச்சர்!” என்று மைதானமே கத்தியது. அந்த உற்சாகம் எனக்கு இன்னும் வேகத்தைத் தந்தது. கூடைக்கு முன் முழங்காலை மடக்கிக் குதித்தேன். ஒரு சாண் உயரம் எழும்பியிருப்பேன். ஆனால் உச்சி எது என்று எனக்குத் தெரியும். அங்கே கையை விட்டேன்.

பந்து வளையத்தில் முட்டாமல், வலையை மட்டும் உரசிக்கொண்டு உள்ளே இறங்கியது.

உடனே உயர்தர வகுப்புப் பெண்கள் எல்லோரும் துள்ளத் தொடங்கினார்கள். அவர்களின் தலைவி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, “தாங்ஸ் ரீச்சர்!” என்றாள். எதிரணிப் பிள்ளை ஏன் நன்றி சொல்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, உப அதிபர் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றியபடி வந்து நின்றார்.

“ரீச்சர், பாதியிலை பக்கம் மாத்தினது. அது எங்கடை கூடை.”

இரண்டு புள்ளியும் பிள்ளைகளுக்குப் போனது. கடைசியில் எட்டுப் புள்ளிகளால் தோற்றோம். அந்த இரண்டு இல்லாவிட்டாலும் தோற்றிருப்போம்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கணித ஆசிரியை அந்தக் கழித்தலை ஏற்றுக்கொள்ளவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு விளையாட்டு ஆசிரியை வந்து மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தார்.

“ரீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. எங்கை விளையாடுறனீங்கள்?”

“கொம்பியூட்டரிலை, பிள்ளை.”

அவர் ரீசேட்டால் முகத்தை மூடிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும், “ஆனா ரீச்சர், அந்த எறி சுத்தமான எறி. புதன்கிழமையிலை பிராக்டிசுக்கு வாங்கோ. எந்தப் பக்கம் எறியிறதெண்டதை மட்டும் நான் சொல்லித் தந்தால் காணும்,” என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லியிருந்த கணவர் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறினேன். உடுப்பிட்டிச் சந்தி தாண்டியதும் அவருடைய முதுகு குலுங்கத் தொடங்கியது.

“சிரிக்கிறியளோ?”

“சீச்சீ. றோட்டு சரியில்லை.”

அது போன மாதம்தான் தார் ஊற்றி வழுவழுவென்று கார்ப்பெற் போட்ட றோட்டு.