நாடாவில் வைத்த சந்தனம்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான். மின்சாரம் வெளியே கசியாமல் மோட்டாரின் செம்புக் கம்பிமேல் சுற்றும் நாடாவை ஓவனில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வேகவைப்போம். பல வருஷச் சூட்டில் அதற்கு என்ன ஆகுமோ, அதை ஓவன் சீக்கிரமே காட்டிவிடும். பிறகு மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போய், எந்த அளவில் நாடாவைத் துளைத்துப் பாய்கிறது என்று பார்ப்போம்.

என்னுடன் வேலை பார்த்த நண்பர் ராயபுரத்துக்காரர், மாதா கோயில் குடும்பம். அவருடைய அண்ணன் சரக்கு ஏற்றும் தனியார் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டியவர். மோட்டாரில் சுற்றியிருந்த பருத்தி நாடா சூட்டில் கருகி, மின்சாரம் கிரேனின் இரும்பில் இறங்கிவிட்டது. கைப்பிடியைத் தொட்டவர் அப்படியே போய்விட்டார். அந்த வேலையைக் கடைசித் தம்பிக்குக் கொடுத்தார்கள். கிரேனும் அதேதான்; மோட்டாரில் மறுபடியும் பருத்தியையே சுற்றியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு செயற்கை இழை நாடா வந்தது. பருத்தி கருகும் சூட்டுக்கு இது அசராது என்றார்கள். எங்கள் சோதனையில் தேறினால் அந்தக் கம்பெனியின் கிரேன்களுக்கும் இதையே சுற்றுவதாகப் பேச்சு. நண்பர் தினமும் ஓவன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்ப்பார். உள்ளே பார்க்க ஒன்றும் இருக்காது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து நாடாக்களை வெளியே எடுத்தோம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் பொட்டு. எங்கள் எலக்ட்ரீஷியன் பெரியவர் பூஜையன்று ஓவனைத் திறந்து, ஒன்று விடாமல் சந்தனம் வைத்திருக்கிறார். அது வெந்து கரியாகிவிட்டது. கரியில் மின்சாரம் ஓடும். மனசு கேட்காமல் ஏற்றிப் பார்த்தோம். எல்லா நாடாவிலும் பொட்டு இருந்த இடத்திலேயே ஓட்டை விழுந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். பெரியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நண்பரிடம்தான் சொன்னார்: “எல்லா மிஷினுக்கும் வெச்சோம் நைனா. உன் தம்பி உசுர காப்பாத்தப் போறது இது. இத்துக்கு வெக்காம உடலாமா?”

நண்பர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் புது நாடாவை வெட்ட ஆரம்பித்தார். மறுபடியும் முதலிலிருந்து. அதுவரை கிரேனில் பழைய பருத்திதான்.

அன்று சாயங்காலம் அவரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே ராயபுரம் போனேன். வாசலிலேயே அவருடைய அம்மா கேட்டார்.

“சோதன முடிஞ்சிச்சாப்பா?”

“இல்லம்மா. திரும்ப முதல்லேர்ந்து வெச்சிக்கீறோம். இன்னும் கொஞ்ச நாள் ஆவும்.”

“அது வரிக்கும் புள்ள அதுலயேதான் ஏறணுமா?”

தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஷிப்டுக்குக் கிளம்பி வந்தான். அம்மா அவனை நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.