ஆல்ப்ஸ் ஒயினுக்குத் தொட்டுக்க என்ன?

சப்ளையர் வேலை பார்த்து நொந்தவர்களுக்குத் தெரியும்: கஸ்டமர் கேட்டது இல்லாதபோது சிரிக்கவும், இருப்பது என்னவென்றே தெரியாதபோது இன்னும் நன்றாகச் சிரிக்கவும்தான் நமக்குச் சம்பளம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் நான் சப்ளையர். முதலாளிக்கு நாகலூரில் காப்பி எஸ்டேட். அவரிடம் காப்பிக்கொட்டை வாங்க யோசித்துக்கொண்டிருந்த சுவிஸ்காரர் ஒருவர், ஆல்ப்ஸ் மலையில் தன் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்த ஒயின் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். வெள்ளை ஒயின், நல்ல இனிப்பு. மே மாதம் நேரில் வந்து நம் சாப்பாட்டோடு அதைக் குடித்துப் பார்க்கப்போகிறாராம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு கண்ணு, இதுக்கு என்ன தொட்டுக்கிட்டா நல்லா இருக்கும்னு நீதான் கண்டுபிடிக்கோணும். அவரு மூஞ்சி மலர்ந்தா உன்னைய பர்மனென்ட் பண்றேன். சுளிச்சா நீ வேற எடம் பாத்துக்க.”

வேலை பர்மனென்ட் ஆனால்தான் தாம்பூலம் மாற்றுவது என்று எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒரு பாட்டிலை நம்பி என் கல்யாணம்!

மாஸ்டரின் தீர்ப்பு

முதலில் சமையல் மாஸ்டர் அந்தோணி அண்ணனிடம் ஒரு டம்ளரில் கொடுத்தேன். கோயிலில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“தம்பி, இது நம்மூரு ஆரஞ்சு சர்பத்துதான். வெளிநாட்டுல வேலை கெடச்சு, கொஞ்சம் மினுமினுப்பா வந்திருக்குது.”

கேசரிச் சோதனை

இனிப்போடு இனிப்பு சேர்ந்தால் தேன்தானே? அப்படித்தான் என் மூளை போயிற்று. சேலத்திலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு, நெய் சொட்டும் கேசரியோடு ஒரு கிளாஸ் ஒயினை ஓசியிலேயே வைத்தேன். கேசரி ஒரு வாய், ஒயின் ஒரு வாய். மனுஷர் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தது போலாயிற்று. கேசரியின் தித்திப்பு முன்னால் போய் நின்றதும், பாவம், ஒயின் வெறும் புளிப்பாகிவிட்டது. மரியாதை தெரிந்தவர், அருகில் கூப்பிட்டுத்தான் சொன்னார்:

“ஏனுங்க தம்பி, கேசரி நொம்ப அருமைங்க. அந்தப் புளித்தண்ணிய மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க.”

ரைட்டரின் ஜலதோஷம்

முதலாளியின் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு மூக்கு அருவியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. ஒயினைச் சுடவைத்து, இரண்டு மிளகு தட்டிப் போடச் சொன்னார். அந்தப் பாவத்தையும் செய்தேன். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவரை மறுநாள் விசாரித்தேன்.

“ஜலதோஷம் அப்படியேதானுங்க இருக்குது. அதப் பத்தின கவலைதான் போயிருச்சு.”

அந்த நாள்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவேண்டிய சுவிஸ்காரர் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்காகக் காரமே இல்லாமல் செய்ய இருந்த கோழி, பின்கட்டில் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது. முதலாளி கண்ணைக் காட்ட, ஒயினை ஊற்றினேன். ஒயினும் இனிப்புதானே; இனிப்பு மேசைக்குப் போய்விட்டது என்றால் அடுத்தது காரம், அப்புறம் காப்பி. டிபன் நேரத்தில் இது எங்கள் கைக்கு ஊறிப்போன வரிசை. மாஸ்டர் யோசிக்காமல் மிளகாய் பஜ்ஜித் தட்டை நீட்டினார். நானும் யோசிக்காமல் கொண்டுபோய் வைத்தேன்.

மனுஷர் முழு பஜ்ஜியை ஒரே கடி கடித்தார். முகம் செக்கச்செவேல் என்றானது, கண்ணில் தண்ணீர். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் மாமனார் தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. சுவிஸ்காரர் பதறி ஒயினை எடுத்து மடக்கென்று குடித்தார். அப்புறம் கிளாஸைப் பார்த்தார், பஜ்ஜியைப் பார்த்தார். இன்னொரு கடி, இன்னொரு மடக்கு. காரத்தை ஒயின் தடவிக் கொடுக்க, ஒயினின் தித்திப்பைக் காரம் எழுப்பிவிட, மனுஷர் தட்டைக் காலிசெய்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: “எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே இதைத் தப்பான பண்டத்தோடு குடித்துக்கொண்டிருக்கிறோம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களைக்கு ஓடி மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் கரண்டியிலிருந்து எண்ணெய் என் சட்டையெல்லாம் சிந்தியது. பின்னாலேயே வந்த முதலாளி வாசலில் நின்று சொன்னார்:

“பர்மனென்ட் ஆயிட்டே கண்ணு, பொண்ணு ஊட்டுக்கு ஆள் அனுப்பு. மொதல்ல இன்னொரு ஈடு பஜ்ஜி போடச் சொல்லு, அவரு தட்டைத் தட்டிக்கிட்டு இருக்காரு.”

ஊரில் எல்லாருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு ஒயினுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் பொருத்தம் பார்த்து நிச்சயமானது.